கிறிஸ்துமஸ் பனிப்பொழிவு அசைபடம்

கிறிஸ்துமஸ் பனிப்பொழிவு அசைபடம் என்பது, அசையாத ஒரு படத்தின் மீது வெண்பனி இடைவிடாது பொழிவதுபோல் தோன்றும்படி படத்தொகுப்பு மென்பொருளின் துணையுடன் உருவாக்கப்படும் சிறிய இயங்குபடம் ஆகும். இது பெரும்பாலும் ஜிஃப் கோப்பு வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. மின்வாழ்த்து அட்டைகள், இணையப் பக்கங்கள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றில் கிறிஸ்துமஸ் காலத்தில் இவ்வகைப் படங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. கிறிஸ்துமஸ் பண்டிகை இலங்கைத் தமிழில் நத்தார் எனவும் வழங்கும்.

இத்தகைய படத்தில் சில சட்டகங்களே உள்ளன. அவை முடிந்ததும் முதலிலிருந்து மீண்டும் காட்டப்படுகின்றன. கடைசிச் சட்டகத்திலிருந்து முதற் சட்டகத்துக்குத் திரும்பும் இடம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால், பனி முடிவின்றிப் பொழிவதாகவே தோன்றும். அந்த ஒட்டு தெரிந்துவிட்டால் பனி ஒவ்வொரு சுற்றிலும் துள்ளி விழும். எனவே ஒட்டுத் தெரியாத சுழற்சியை அமைப்பதே இக்கலையின் மையம் ஆகும். இதற்கு ஓவியத் திறமையை விட எளிய எண்கணிதமே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

சொற்கள்

தமிழில் பனி என்ற சொல் புல் நுனியில் தங்கும் பனித்துளியையும், காலையில் மூடும் பனிமூட்டத்தையும், வானிலிருந்து விழும் வெண்பனியையும் குறிக்கும். தமிழ்ப் பருவப் பகுப்பில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம் ஆகும். கிறிஸ்துமஸ் இம்மார்கழியிலேயே வருகிறது. எனினும் தமிழகத்தின் முன்பனி வேறு, வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொழியும் வெண்பனி வேறு. கிறிஸ்துமஸ் அட்டைகளில் காணப்படுவது பின்னது. இக்கட்டுரையில் பனி என்பது வெண்பனியையே குறிக்கிறது.

கட்டுரையில் ஆளப்படும் பிற கலைச்சொற்கள்:

- சட்டகம்: ஃபிரேம். அசைபடத்தில் ஒரு கணத்தில் காட்டப்படும் தனிப் படம்.
- அடுக்கு: லேயர். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட கண்ணாடித் தாள்கள் போன்ற படப் பகுதி.
- படப்புள்ளி: பிக்சல். கணினிப் படத்தின் மிகச் சிறிய அலகு.
- நிறத்தட்டு: பேலட். ஒரு படத்தில் பயன்படும் நிறங்களின் பட்டியல்.
- தாமதம்: டிலே. ஒரு சட்டகம் திரையில் நிற்கும் நேரம்.

வரலாறு

ஜிஃப் வடிவத்தை அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987 ஆம் ஆண்டு சூன் மாதம் வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டீவ் வில்ஹைட். 1989 ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் சட்டகங்களுக்கிடையே தாமதம் குறிக்கும் வசதியும், ஒரு நிறத்தை ஒளிபுகும் நிறமாக அறிவிக்கும் வசதியும் சேர்க்கப்பட்டன. ஆனால் படம் மீண்டும் மீண்டும் ஓட வேண்டும் எனக் கூறும் வழி அவ்வடிவத்தில் இருக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி இதற்கென ஒரு நீட்சியை அறிமுகப்படுத்தியது. பிற உலாவிகளும் பின்னர் அதனை ஏற்றன. முடிவின்றிப் பொழியும் பனி இணையத்துக்கு வந்தது இந்த நீட்சியினாலேயே.

ஜிஃப் கோப்புகள் எல்.இசட்.டபிள்யூ எனப்படும் தரவுச் சுருக்க முறையைப் பயன்படுத்துகின்றன. இது லெம்பெல், சிவ் ஆகியோரின் முறையை டெர்ரி வெல்ச் மேம்படுத்தி 1984 இல் வெளியிட்டதாகும். இதற்கான காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 ஆம் ஆண்டு இறுதியில் ஜிஃப் உருவாக்கும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கோரப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவாகவே பி.என்.ஜி வடிவம் உருவானது. காப்புரிமை அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டிலும், பிற முக்கிய நாடுகளில் 2004 ஆம் ஆண்டிலும் காலாவதியானது. அதன் பின்னர் ஜிஃப் வடிவத்தை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

1990களின் இறுதியில் ஜியோசிட்டீஸ் போன்ற இலவசத் தளங்களில் தனிநபர்கள் அமைத்த பக்கங்களில் பனி பொழியும் படங்கள் மலிந்திருந்தன. ஜியோசிட்டீஸ் 2009 ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. அதற்கு முன்னர் சேகரிக்கப்பட்ட பக்கங்களிலிருந்து எடுத்த அசைபடங்களைத் தேடிப் பார்க்கும் வசதியை இன்டர்நெட் ஆர்க்கைவ் 2016 இல் ஏற்படுத்தியது.

மென்பொருள்கள்

கிம்ப்: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் ஆகியோர் 1995 இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இதில் ஒவ்வோர் அடுக்கும் ஒரு சட்டகமாகக் கொள்ளப்படும்.

அடோபி போட்டோசாப்: தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கி 1990 இல் வெளிவந்த வணிக மென்பொருள். அசைபட வேலைக்கு முன்னர் இமேஜ்ரெடி என்னும் துணை மென்பொருள் இதனுடன் வழங்கப்பட்டது. 2007 இல் இமேஜ்ரெடி கைவிடப்பட்டு, அதன் வசதிகள் போட்டோசாப்பிலேயே சேர்க்கப்பட்டன.

கீழே தரப்படும் செய்முறை கிம்ப் மென்பொருளுக்கானது. கணக்கு எம்மென்பொருளுக்கும் பொதுவானது.

அடிப்படைக் கோட்பாடு

ஓர் அடுக்கில் வெள்ளைப் புள்ளிகள் வரையப்பட்டுள்ளன எனக் கொள்க. ஒவ்வொரு சட்டகத்திலும் அவ்வடுக்கு முழுவதும் சில படப்புள்ளிகள் கீழே நகர்த்தப்படுகிறது. கீழ் விளிம்பைத் தாண்டும் பகுதி மேல் விளிம்பு வழியாக மீண்டும் உள்ளே வருகிறது. இதனைச் சுற்றி வரும் நகர்வு எனலாம். கிணற்றில் சுழலும் வாளிச் சங்கிலியை இதற்கு ஒப்பிடலாம். வாளிகள் அவையே, வரிசை மட்டும் முடிவதில்லை.

இந்நகர்வில் ஒட்டுத் தெரியாமல் இருக்க ஒரே நிபந்தனை உண்டு.

சட்டகங்களின் எண்ணிக்கை × ஒரு சட்டகத்துக்கான நகர்வு = உயரத்தின் முழு மடங்கு

எடுத்துக்காட்டாக, படத்தின் உயரம் 240 படப்புள்ளிகள், சட்டகங்கள் 12 என்றால், ஒரு சட்டகத்துக்கு 20 படப்புள்ளிகள் நகர்த்த வேண்டும். 12 × 20 = 240. பதின்மூன்றாவது சட்டகம் என ஒன்று இருந்தால் அது முதற் சட்டகத்தைப் போலவே இருக்கும். ஆகவே அதனை வரையத் தேவையில்லை; வரையவும் கூடாது. வரைந்தால் ஒரே படம் அடுத்தடுத்து இரு முறை காட்டப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பனி ஒரு கணம் உறைந்து நிற்கும். மாறாக 20 க்குப் பதில் 18 நகர்த்தினால், 12 சட்டகங்களில் 216 மட்டுமே நகர்ந்திருக்கும். எஞ்சிய 24 படப்புள்ளிகள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு துள்ளலாகத் தெரியும்.

மூன்று தொலைவுகள்

எல்லாப் பனித்துகள்களும் ஒரே வேகத்தில் விழுந்தால் படம் தட்டையாகத் தோன்றும். புள்ளியிட்ட திரைச்சீலை ஒன்று இறங்குவதுபோல் இருக்கும். அருகிலுள்ளவை விரைவாகவும் தொலைவிலுள்ளவை மெதுவாகவும் நகர்ந்தால் ஆழம் தோன்றும். கைவரை அசைபடக் காலத்திலேயே இவ்வுத்தி பயன்பட்டது. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1937 இல் வெளியிட்ட தி ஓல்டு மில் என்னும் குறும்படத்தில், பல தளங்களில் வைத்த ஓவியங்களை வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் படமெடுக்கும் ஒளிப்படக் கருவி பயன்படுத்தப்பட்டது.

பெரிய துகள் கனமானது, ஆதலால் விரைந்து விழும் எனச் சிலர் கருதுவர். உண்மையில் பனிச்சீவல்கள் காற்றின் தடையால் சிறியவை, பெரியவை என்ற வேறுபாடு அதிகமின்றி நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்திலேயே விழுகின்றன. பெரிய மழைத்துளியோ நொடிக்கு 9 மீட்டர் வரை விழும். படத்தில் வேக வேறுபாடு தோன்றுவதற்குக் காரணம் தொலைவு ஆகும். பாதித் தொலைவில் உள்ள பொருள் இரு மடங்கு பெரிதாகவும், இரு மடங்கு விரைவாகவும் தெரியும். எனவே துகளின் அளவும் வேகமும் ஒரே விகிதத்தில் கூட வேண்டும். 320 × 240 அளவுள்ள படத்துக்குப் பின்வரும் அளவுகள் பொருந்தும்:

- தொலைப் பனி: விட்டம் 2 படப்புள்ளி, சட்டகத்துக்கு 10 நகர்வு, சுமார் 80 துகள்கள்
- இடைப் பனி: விட்டம் 4 படப்புள்ளி, சட்டகத்துக்கு 20 நகர்வு, சுமார் 30 துகள்கள்
- அண்மைப் பனி: விட்டம் 8 படப்புள்ளி, சட்டகத்துக்கு 40 நகர்வு, 6 முதல் 8 துகள்கள்

இடைப் பனி 12 சட்டகங்களில் 240 நகர்ந்து ஒரு முழுச் சுற்று வருகிறது. அண்மைப் பனி 480 நகர்ந்து இரு சுற்று வருகிறது. தொலைப் பனி 120 மட்டுமே நகர்கிறது. இது அரைச் சுற்று ஆதலால் மேலே கூறிய நிபந்தனை நிறைவேறவில்லை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. தொலைப் பனியை 120 உயரமுள்ள மேற்பாதியில் மட்டும் வரைந்து, அதன் படியைக் கீழ்ப்பாதியில் ஒட்ட வேண்டும். அப்போது அவ்வடுக்கு 120 க்கு ஒரு முறை தன்னையே ஒத்திருக்கும். ஆகவே 120 நகர்ந்தாலே அது தொடக்க நிலைக்கு வந்துவிடும். துகள்கள் மிகச் சிறியவை என்பதால் இரு பாதிகளும் ஒன்றே என்பது எளிதில் புலப்படாது.

அண்மைத் துகள்களைக் குறைவாக வரைவதற்கும் காரணம் உண்டு. ஒரு துகள் 40 படப்புள்ளிகள் தாவும்போது, அதன் புதிய இடத்துக்கு அருகில் வேறொரு துகள் இருந்தால் கண் இரண்டையும் மாற்றிப் பொருத்திக்கொள்ளும். அப்போது பனி மேல்நோக்கி ஏறுவதுபோல் தோன்றலாம். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இதனாலேயே. ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் துகள்களுக்கிடையே ஒரு சட்டக நகர்வைப்போல் இரு மடங்குக்கு மேல் இடைவெளி இருப்பது நல்லது.

பனிச்சீவலின் வடிவம்

2 முதல் 4 படப்புள்ளி அளவுள்ள துகளுக்கு வட்டமே போதும். வாழ்த்து அட்டையில் பெரிய பனிச்சீவல் காட்ட விரும்பினால் அதற்கு ஆறு கைகள் இருக்க வேண்டும். யோகான்னசு கெப்லர் 1611 இல் எழுதிய சிறு நூலொன்றில் பனிச்சீவல் ஏன் எப்போதும் அறுகோணமாக உள்ளது என ஆராய்ந்தார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த உழவரான வில்சன் பென்ட்லி 1885 முதல் 5000 க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களை நுண்ணோக்கி வழியே ஒளிப்படமெடுத்தார். சப்பானிய இயற்பியலாளர் நகாயா உகிசிரோ 1936 இல் ஆய்வகத்தில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாக அடுக்கப்படுவதே இந்த ஆறு மடிப்புச் சமச்சீருக்குக் காரணம் ஆகும்.

வரைவதற்கு, ஒரு கையை மட்டும் கிளைகளுடன் வரைந்து, அதனைப் படியெடுத்து 60 பாகைக்கு ஒரு முறை திருப்பி ஐந்து முறை ஒட்டினால் போதும். ஐந்து அல்லது எட்டுக் கைகளுடன் வரையப்படும் பனிச்சீவல்கள் விண்மீன்களைப் போலவே தோற்றமளிக்கும்.

செய்முறை

1. பின்னணியைத் தேர்தல். 320 × 240 படப்புள்ளி அளவில் இருண்ட பின்னணிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பனி இருண்ட பின்னணியிலேயே தெளிவாகத் தெரியும். இரவு வானம், வீடு, ஊசியிலை மரம் ஆகியவை வழக்கமானவை. பிறர் எடுத்த ஒளிப்படமாயின் அதன் உரிமம் மாற்றியமைக்க இடமளிக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. அடுக்குகளைப் பிரித்தல். வீடும் மரமும் தனி அடுக்கில் இருப்பது நல்லது. தொலைப் பனி அடுக்கை வானத்துக்கு மேலும் வீட்டுக்குக் கீழும் வைத்தால், தொலைவில் விழும் பனி வீட்டுக்குப் பின்னால் மறையும். இடைப் பனியும் அண்மைப் பனியும் வீட்டுக்கு மேலே வைக்கப்பட வேண்டும்.

3. பனி அடுக்குகளை வரைதல். லேயர் பட்டியில் புதிய அடுக்கை ஒளிபுகும் பின்னணியுடன் உருவாக்கி, தூரிகையால் வெள்ளைப் புள்ளிகளை ஒழுங்கின்றி இட வேண்டும். மூன்று அடுக்குகளுக்கும் இவ்வாறே செய்ய வேண்டும். அடுக்கின் அளவு படத்தின் அளவுக்குச் சமமாக இருத்தல் அவசியம்; இல்லையேல் சுற்றி வரும் கணக்குத் தவறும்.

4. விளிம்பைச் சோதித்தல். லேயர் பட்டியில் டிரான்ஸ்ஃபார்ம் என்பதன் கீழ் ஆஃப்செட் என்னும் கட்டளை உள்ளது. அதில் சுற்றி வரும் தெரிவை இட்டு, அடுக்கை அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் நகர்த்த வேண்டும். விளிம்பில் வெட்டுப்பட்ட துகள் ஏதேனும் இருந்தால் அது இப்போது படத்தின் நடுவில் அரைவட்டமாகத் தெரியும். அதனை அழிக்கலாம் அல்லது நிறைவு செய்யலாம். தொலைப் பனியை இந்தச் சோதனைக்குப் பின் திருத்தினால் இரு பாதிகளிலும் ஒன்றுபோல் திருத்த வேண்டும்.

5. மூலக் கோப்பைச் சேமித்தல். இந்நிலையில் எக்ஸ்.சி.எஃப் வடிவத்தில் ஒரு படி சேமித்துவைக்க வேண்டும். ஜிஃப் கோப்பில் அடுக்குகளும் முழு நிறங்களும் இழக்கப்படும். அடுத்த ஆண்டு வாழ்த்தை மாற்றவோ பனியைக் குறைக்கவோ மூலக் கோப்பே உதவும்.

6. முதற் சட்டகம். லேயர் பட்டியில் நியூ ஃபிரம் விசிபிள் என்னும் கட்டளை, கண்ணுக்குத் தெரியும் அனைத்தையும் ஒரே அடுக்காகப் படியெடுக்கும். அவ்வடுக்குக்குச் சட்டகம் 1 எனப் பெயரிட்டு, அடுக்குப் பட்டியலின் உச்சிக்கு இழுத்து, கண் சின்னத்தை அழுத்தி மறைத்துவிட வேண்டும்.

7. அடுத்த சட்டகங்கள். ஆஃப்செட் கட்டளையால் தொலைப் பனியை 10, இடைப் பனியை 20, அண்மைப் பனியை 40 படப்புள்ளிகள் கீழே நகர்த்தி, மீண்டும் தெரிவதைப் படியெடுத்துச் சட்டகம் 2 என உச்சியில் வைத்து மறைக்க வேண்டும். இவ்வாறு 12 சட்டகங்கள் வரை தொடர வேண்டும்.

8. சரிபார்த்தல். பன்னிரண்டாவது சட்டகத்துக்குப் பின் மேலும் ஒரு முறை நகர்த்தினால் பனி அடுக்குகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். சட்டகம் 1 ஐ மட்டும் காட்டியும் மறைத்தும் பார்த்தால் படம் சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் இடையில் ஏதோ ஓர் அடுக்கு நகர்த்தப்படாமல் விடுபட்டுள்ளது என அறியலாம்.

9. மூல அடுக்குகளை நீக்குதல். வானம், வீடு, மூன்று பனி அடுக்குகள் ஆகியவற்றை இக்கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, 12 சட்டகங்களையும் தெரியும்படி செய்ய வேண்டும். கிம்ப் மென்பொருளில் அடியிலுள்ள அடுக்கே முதற் சட்டகம். ஃபில்டர்ஸ் பட்டியில் அனிமேஷன் என்பதன் கீழ் பிளேபேக் கட்டளையால் ஓட்டிப் பார்க்கலாம்.

10. சேமித்தல். ஃபைல் பட்டியில் எக்ஸ்போர்ட் கட்டளையைத் தெரிவு செய்து, கோப்புப் பெயரின் இறுதியில் ஜிஃப் நீட்சியை இட வேண்டும். 2012 இல் வெளிவந்த 2.8 பதிப்புக்கு முந்தியவற்றில் இது சேவ் ஆஸ் கட்டளையில் இருந்தது. தோன்றும் பெட்டியில் அசைபடமாகச் சேமிக்கும் தெரிவையும், முடிவின்றிச் சுழலும் தெரிவையும் இட்டு, தாமதத்தை 100 மில்லிநொடியாகக் குறிக்க வேண்டும்.

காற்றின் அசைவு

நேர்கோட்டில் மட்டும் விழும் பனி மழை போல் தோன்றலாம். அண்மைப் பனியைப் பக்கவாட்டிலும் சிறிது அசைத்தால் இயல்பாக இருக்கும். பக்கவாட்டு அசைவும் சுற்றின் முடிவில் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். சைன் சார்பு இதற்குப் பொருத்தமானது. வீச்சு 6 படப்புள்ளிகள் எனக் கொண்டால் 12 சட்டகங்களில் துகளின் பக்கவாட்டு நிலை முறையே 0, 3, 5, 6, 5, 3, 0, -3, -5, -6, -5, -3 என அமையும். ஒவ்வொரு சட்டகமும் முந்தியதிலிருந்து நகர்த்தப்படுவதால், ஆஃப்செட் பெட்டியில் இட வேண்டியவை இவற்றின் வேறுபாடுகளாகிய 3, 2, 1, -1, -2, -3, -3, -2, -1, 1, 2 ஆகும். இறுதியில் சரிபார்ப்புக்கான நகர்வு 3. இப்பன்னிரண்டையும் கூட்டினால் சுழியம் வரும். இடைப் பனிக்கு இதில் பாதி வீச்சுப் போதும். தொலைப் பனியை அசைக்கத் தேவையில்லை.

தாமதமும் வேகமும்

ஜிஃப் வடிவத்தில் தாமதம் நொடியின் நூறில் ஒரு பங்காக எழுதப்படுகிறது. 100 மில்லிநொடி என்பது 10 அலகுகள். 12 சட்டகங்கள் 1.2 நொடியில் ஒரு சுற்று முடிக்கும். 0 அல்லது 1 அலகு தாமதம் தரப்பட்டால் பெரும்பாலான உலாவிகள் அதனை ஏற்காமல் 10 அலகாகக் கொள்கின்றன. ஆகவே மிக விரைவாக ஓடட்டும் எனச் சுழியத்தை இடுவது எதிர்பாராத விளைவைத் தரும். பனியை மெதுவாக்க 12 அல்லது 15 அலகுகள் தரலாம். அதற்கு மேல் சென்றால் நகர்வு தட்டுத் தடுமாறித் தெரியும். அப்போது சட்டகங்களை 24 ஆக்கி நகர்வைப் பாதியாக்குவதே சரியான வழி.

ஒரு குறிப்பிட்ட சட்டகத்துக்கு மட்டும் வேறு தாமதம் வேண்டுமானால், கிம்ப் மென்பொருளில் அவ்வடுக்கின் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் எண்ணையும், மில்லிநொடியைக் குறிக்கும் எம், எஸ் ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் சேர்த்து எழுத வேண்டும்.

நிறங்களும் கோப்பின் அளவும்

ஜிஃப் நிறத்தட்டில் 256 நிறங்களே இருக்க முடியும். ஒளிப்படத்தை இவ்வளவில் அடக்கும்போது, இல்லாத நிறங்களை ஈடுகட்ட மென்பொருள் இரு நிறப் புள்ளிகளை மாறி மாறித் தூவும். இத்தூவல் சுருக்கத்துக்கு எதிரானது. எல்.இசட்.டபிள்யூ முறை, முன்பு வந்த புள்ளி வரிசை மீண்டும் வரும்போது அதனைக் குறுகிய குறியீட்டால் சுட்டுகிறது. ஒரே நிறம் நீண்டு செல்லும் வானம் மிக நன்றாகச் சுருங்கும். தூவல் நிறைந்த வானம் சுருங்காது.

320 × 240 அளவுள்ள சட்டகத்தில் 76,800 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு ஒரு பைட்டு வீதம் 12 சட்டகங்களுக்கு 9,21,600 பைட்டுகள் ஆகும். நொடிக்கு 56 கிலோபிட்டு வேகமுள்ள தொலைபேசி இணைப்பில் இதனைப் பெற இரண்டு நிமிடங்களுக்கு மேல் செல்லும். தொலைபேசி இணைப்புக் காலத்தில் இணையப் பனிப் படங்கள் சிறிதாகவும், சில நிறங்கள் மட்டும் கொண்டும் இருந்ததற்கு இதுவே காரணம். இன்று இணைப்பு விரைவானது எனினும் மின்னஞ்சலிலும் கைப்பேசியிலும் சிறிய கோப்பே விரும்பத்தக்கது.

கோப்பின் அளவைக் குறைக்கப் பின்வருவன உதவும்:

- நிறத்தட்டை 32 அல்லது 64 நிறங்களாகக் குறைத்தல். இரவுக் காட்சிக்கு இவை பெரும்பாலும் போதும்.
- வானத்தை ஒரே நிறமாக வைத்தல். நிறத் தூவலை நிறுத்துதல்.
- ஃபில்டர்ஸ் பட்டியில் அனிமேஷன் என்பதன் கீழுள்ள ஆப்டிமைஸ் கட்டளையைப் பயன்படுத்துதல். இது முந்திய சட்டகத்திலிருந்து மாறாத புள்ளிகளை ஒளிபுகும் புள்ளிகளாக்குகிறது. மாறாத வீடும் மரமும் 12 முறை எழுதப்படுவது இதனால் தவிர்க்கப்படும்.

ஒளிபுகும் பனி

பின்னணி இல்லாமல் பனியை மட்டும் ஒளிபுகும் படமாகச் செய்து இணையப் பக்கத்தின் மீது பரப்புவதும் வழக்கம். இதில் இரு சிக்கல்கள் உண்டு. முதலாவது, ஜிஃப் வடிவத்தில் ஒரு புள்ளி முழுவதும் ஒளிபுகும் அல்லது சற்றும் புகாது; இடைநிலை இல்லை. மென்மையான விளிம்புள்ள துகளைச் சேமித்தால் விளிம்பைச் சுற்றி வேண்டாத வளையம் தோன்றும். எனவே தூரிகைக்குப் பதிலாகக் கூர்விளிம்பு தரும் பென்சில் கருவியால் வரைய வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு சட்டகமும் முந்தியதை அகற்றிவிட்டுத் தோன்றுமாறு ரீபிளேஸ் தெரிவை இட வேண்டும். இல்லையேல் பழைய துகள்கள் அழியாமல் நின்று, சில நொடிகளில் திரையில் வெள்ளைக் கோடுகளே எஞ்சும்.

இடைநிலை ஒளிபுகுதன்மை தேவைப்படுவோர் அசையும் பி.என்.ஜி வடிவத்தைப் பயன்படுத்தலாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2008 இலிருந்து இதனை ஆதரிக்கிறது. 2025 இல் வெளியான பி.என்.ஜி தர வரையறையின் மூன்றாம் பதிப்பில் இது முறையாகச் சேர்க்கப்பட்டது.

போட்டோசாப்பில் வேறுபாடுகள்

போட்டோசாப்பில் சுற்றி வரும் நகர்வு ஃபில்டர் பட்டியில் அதர் என்பதன் கீழ் உள்ளது. இரு சட்டகங்களுக்கிடையே இடைச்சட்டகங்களைத் தானாக உருவாக்கும் டுவீன் வசதியும் இதில் உண்டு. ஆனால் இவ்வசதி அடுக்கை நகர்த்துமே தவிரச் சுற்றி வரச் செய்யாது. எனவே பனி அடுக்கை இரு மடங்கு உயரமாக, ஒரே வடிவத்தை மேலும் கீழும் ஒட்டி அமைத்து, சரியாக ஒரு பட உயரம் மட்டும் கீழே நகர்த்த வேண்டும். அப்போது முதற் சட்டகமும் கடைசிச் சட்டகமும் ஒன்றாகவே இருக்கும். கடைசிச் சட்டகத்தை நீக்கிவிட வேண்டும்.

தமிழ் எழுத்துகளைச் சேர்த்தல்

வாழ்த்துச் சொற்களைப் பனி அடுக்குகளுக்கு மேல் தனி அடுக்கில் இடலாம். கிம்ப் மென்பொருளில் ஒருங்குறித் தமிழ் எழுத்துகள் முறையாக அமைகின்றன. போட்டோசாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு, உயிர்மெய்க் குறிகள் இடம் மாறித் தோன்றின. அதனால் பலர் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களையே பயன்படுத்தினர். பிந்திய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இட்டால் இக்குறை நீங்கும். சிறிய படத்தில் மெல்லிய எழுத்துகள் பனியோடு கலந்துவிடும். தடித்த எழுத்துருவும், வெள்ளை அல்லாத நிறமும் படிக்க உதவும்.

பார்ப்பவர் நலன்

உரையின் அருகே ஓயாது அசையும் படம் படிப்பவரின் கவனத்தைக் கலைக்கும். சிலருக்குத் தலைச்சுற்றலும் ஏற்படலாம். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008 இல் வெளியிட்ட இணைய அணுக்க வழிகாட்டி, தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் அசையும் உள்ளடக்கத்தை நிறுத்துவதற்குப் பயனருக்கு வழி இருக்க வேண்டும் எனக் கூறுகிறது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடுவதையும் அது தவிர்க்கச் சொல்கிறது. ஒளிரும் விளக்குச் சரங்களைப் பனியுடன் சேர்ப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மேலே செய்த படம் 1.2 நொடிச் சுற்று உடையது. நான்கு சுற்றுகள் மட்டும் ஓடினால் 4.8 நொடியில் நின்றுவிடும். போட்டோசாப்பில் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறிக்க இயலும். நின்ற பின்னும் கடைசிச் சட்டகம் பனியுடன் கூடிய முழுமையான படமாகவே இருக்கும்.

பிற பயன்கள்

இதே முறையில் நகர்வின் அளவையும் துகளின் வடிவத்தையும் மாற்றி மழை, உதிரும் இலைகள், மேலெழும் நீர்க்குமிழிகள், நகரும் விண்மீன்கள் ஆகியவற்றையும் உருவாக்கலாம். மழைக்குத் துகளை நீண்ட கோடாக வரைந்து நகர்வைக் கூட்ட வேண்டும். குமிழிகளுக்கு நகர்வை எதிர் எண்ணாக இட வேண்டும். எதுவாயினும், சட்டக எண்ணிக்கையையும் நகர்வையும் பெருக்கி வரும் தொகை உயரத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாறாது.

இவற்றையும் பார்க்க

- அசைவூட்டம்
- கிம்ப்
- தரவுச் சுருக்கம்
- பனிச்சீவல்
- கிறிஸ்துமஸ்